சங்கத்துக்கு வந்த காசு: கூரையில் சூரியத் தகடா, குசினியில் அடுப்பா?

விசுவமடு பொருளாளர்:

எங்கள் ஊர் இலங்கையின் வன்னியில், விசுவமட்டில் இருந்து உள்ளே போகும் கிரவல் வீதியில் இருக்கிறது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தில் நான் பொருளாளர். கனடாவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் சேர்ந்து சங்கத்துக்குக் காசு அனுப்பியிருக்கிறார்கள். நாற்பது வீட்டுக்கும் பிரித்தால் ஆளுக்கு ஒரு காஸ் சிலிண்டருக்குக் காணும், அவ்வளவுதான். "வீட்டு எரிசக்திச் செலவைக் குறைக்க ஏதாவது செய்யுங்கள், சூரியத் தகடு என்றால் நல்லது, பூட்டியதும் படம் அனுப்புங்கள்" என்று எழுதியிருக்கிறார்கள். தலைவிக்கும் தகடு என்றால் ஆசை. திறப்பு விழா வைக்கலாம் அல்லவா.

எனக்கு அது மனதுக்குப் பிடிக்கவில்லை. கொப்பியை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். எந்த வீட்டிலும் கரண்ட் பில்லைப் பற்றி முதலில் கேட்கவில்லை. "என்ன எரிக்கிறீர்கள்? அதற்கு எவ்வளவு காசும் நேரமும் போகிறது?" என்றுதான் கேட்டேன்.

ஒரு வீட்டில் அம்மம்மாவும் இரண்டு பேரப்பிள்ளைகளும். தகரக் கொட்டில், மூன்று கல் அடுப்பு. ஊமல், பன்னாடை, பனைமட்டை, தென்னம்பாளை என்று வளவுக்குள் விழுவதுதான் எரிபொருள். காசு செலவே இல்லை என்று சொன்னார். ஆனால் மாரியில் எல்லாம் நனைந்துவிடும். அப்போது அடுப்பு மூட்டவே போத்தலில் மண்ணெண்ணெய் வாங்கி ஊற்றுகிறார். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே இரவில் 340 ஆனது 2022 ஆகஸ்டில். அந்த மாரி முழுவதும் பிள்ளைகளுக்குக் காலையில் பாணும் வெறும் தண்ணீரும் கொடுத்ததாகச் சொன்னார். பிறகு விலை இறங்கியிருந்தாலும் மண்ணெண்ணெய்ப் போத்தலை அவர் நகைப்பெட்டி போல ஒளித்துத்தான் வைத்திருக்கிறார்.

இன்னொரு வீட்டில் தங்கச்சி ஒருத்தி ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறாள். விடியற்காலை ஐந்து மணிக்கு பஸ் சந்திக்கு வந்துவிடும். அதற்குள் மூன்று பிள்ளைகளுக்கும் மாமியாருக்கும் சமைத்து வைக்க வேண்டும். அவளிடம் காஸ் இருக்கிறது. "காஸ் பாவிக்கிறவளுக்கு என்ன உதவி?" என்று கூட்டத்தில் ஒருவர் கேட்டார். அவள் காஸை ஆடம்பரத்துக்கா வாங்குகிறாள்? ஒரு மணித்தியால நித்திரையை வாங்குகிறாள். 12.5 கிலோ சிலிண்டர் 2021 தொடக்கத்தில் 1,493 ரூபாய். 2022 ஏப்ரலில் 4,860. அந்த நேரம் எடுத்த கடனை அவள் இன்னும் கட்டுகிறாள்.

மூன்றாவது வகை, இந்திய அரசின் உதவியில் வீடு கட்டிய இந்திய வீட்டுத்திட்டக்காரர். 550 சதுர அடி வீட்டுக்கு 550,000 ரூபாய் கட்டம் கட்டமாகக் கொடுத்தார்கள். பலருக்கு அது காணவில்லை. கடன் வாங்கி, நகை அடகு வைத்து, கடைசியில் குசினியில் கைவிட்டார்கள். புகைபோக்கி பாதியில் நிற்கிறது. ஆகவே வீட்டுக்குப் பின்னால் தகரம் சாய்த்து அங்கே சமைக்கிறார்கள். நல்ல வீட்டுக்குள் இருந்துகொண்டு புகைக்குள் சமைப்பது எங்கள் ஊர் விசித்திரம்.

இதற்கெல்லாம் தகடு பூட்டி என்ன செய்வது? எதை முதலில் செய்தால் கூடுதலான வீடுகளுக்குக் காசும் மூச்சும் மிஞ்சும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். "எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் செய்யுங்கள்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அதைச் சொல்ல எங்கள் ஊரிலேயே ஆட்கள் இருக்கிறார்கள்.

மாங்குளம் வயர்மேன்:

அக்கா, தகட்டைப் பற்றி உங்கள் யோசனை சரி. உங்களிடம் இருக்கும் காசுக்கு ஒரு கூரைக்குக்கூட ஒழுங்கான தொகுதி பூட்ட முடியாது. அதைவிட முக்கியம், மாதம் 60 அலகுக்குள் (யூனிட்) பாவிக்கும் வீட்டுக்கு மின்சாரம் ஏற்கெனவே மலிவு. தகட்டால் ஆதாயம் பார்ப்பவர்கள் 180 அலகுக்கு மேல் எரிக்கும் வீட்டுக்காரர்.

உங்கள் ஊரில் பார்க்க வேண்டியது 60க்கும் 90க்கும் நடுவில் மாட்டிக்கொண்ட வீடுகளை. 60ஐத் தாண்டினால் தாண்டிய அலகுக்கு மட்டும்தான் கூட்டி எடுக்கிறார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. தாண்டியவுடன் முதலாவது அலகில் இருந்தே வேறு விலை, மாத நிலையான கட்டணமும் வேறு. 58 அலகுக்கும் 63 அலகுக்கும் பில்லில் இருக்கும் வித்தியாசத்தைப் பார்த்தால் வாசிப்பாளர் பிழை விட்டார் என்றுதான் தோன்றும். பில்லில் எத்தனை நாள் கணக்கு என்றும் பாருங்கள். வாசிப்பாளர் பிந்தி வந்தால் அந்த நாட்களுக்கு ஏற்ப எல்லையும் நீளும். ஆகவே 62 அலகைக் கண்டவுடன் பயப்படத் தேவையில்லை.

இனிக் கணக்கு. 60 வாட் குண்டு பல்பு மூன்று, இரவில் ஐந்து மணித்தியாலம் எரிந்தால் மாதம் 27 அலகு. அதே மூன்றையும் 9 வாட் எல்ஈடி ஆக்கினால் நான்கு அலகு. 75 அலகு வீடு ஒரே நாளில் 52க்கு வந்துவிடும். குண்டு பல்பு இந்தக் காலத்திலும் இருக்கிறதா என்று கேட்காதீர்கள். கோழிக்கூட்டிலும் சாமி அறையிலும் வெளி விறாந்தையிலும் நான் இன்னும் பார்க்கிறேன். அடுத்தது பழைய குளிர்சாதனப் பெட்டியின் கதவு ரப்பர். கதவுக்குள் ஒரு காகிதத்தை வைத்து மூடுங்கள், இழுத்தால் சுலபமாக வந்தால் ரப்பர் போய்விட்டது. அதை மாற்ற பெட்டியை மாற்றத் தேவையில்லை.

அந்தத் தொழிற்சாலைத் தங்கச்சிக்கு ஒரு வழி. காஸை விடச் சொல்லாதீர்கள், விடவும் முடியாது. சோற்றை மட்டும் ரைஸ் குக்கருக்கு மாற்றலாம். 700 வாட் குக்கர் அரை மணித்தியாலம் ஓடினால் அலகில் மூன்றில் ஒன்று. நாளுக்கு ஒரு தடவை என்றால் மாதம் பத்தரை அலகு. அவருடைய பில் 45க்குள் இருந்தால் தயங்காமல் செய்யலாம். 55இல் இருந்தால் வேண்டாம், எல்லை தாண்டிவிடும். நீங்கள் பில்லைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும்.

கரண்ட் இல்லாமல் சாகமாட்டோம் அக்கா. யுத்த காலத்தில் ஜாம் போத்தலில் திரி போட்டு ஒரு சொட்டு எண்ணெயில் சோதனைக்குப் படித்த சனம் நாங்கள். 2022இல் கொழும்பு 13 மணித்தியால மின்வெட்டுக்கு ஒப்பாரி வைத்தபோது எங்கள் அம்மா சிரித்தார்.

கனகராயன்குளம் பட்டி:

காஸ் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். எங்கள் வீட்டில் சாண எரிவாயுக் குழி ஓடுகிறது. எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று பொய் சொல்ல மாட்டேன், கோடையில் இரண்டு மாதம் தடக்கும்.

புதுச் சாணம் 25 கிலோவுக்கு ஏறக்குறைய ஒரு கனமீற்றர் வாயு வரும். ஒரு கனமீற்றர் வாயு அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைந்த சிலிண்டர் காஸுக்குச் சமன். ஆகவே நாள் தவறாமல் 25 கிலோ போட்டால் மாதம் ஒரு சிலிண்டர் மிஞ்சும். இதுவரைக்கும் கேட்க இனிப்பாக இருக்கும். ஆனால் வன்னி மாடு கட்டி வளர்க்கும் மாடா? காலையில் பட்டியைத் திறந்தால் காட்டுக்குப் போகும், பொழுதுபட வரும். பகல் சாணம் முழுக்கக் காட்டுக்கு. இரவுச் சாணம் மட்டும்தான் எங்களுக்கு, மாட்டுக்கு ஐந்து கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியென்றால் பட்டியில் ஐந்து மாடாவது வேண்டும். சாணத்துக்குச் சம அளவு தண்ணீரும் வேண்டும். ஆவணியில் கிணறு அடியில் கிடக்கும்போது குடிக்கவே பொத்திப் பொத்தி அள்ளும் வீட்டில் குழிக்கு இரண்டு வாளி ஊற்று என்று யார் சொல்வது?

ஊருக்குப் பத்துக் குழி என்று இலவசமாக வெட்டிக் கொடுத்த திட்டங்களைப் பார்த்திருக்கிறேன். மாடு இல்லாத வீட்டிலும் வெட்டினார்கள். இப்போது அவற்றில் தவளை இருக்கிறது. உங்கள் ஊரில் ஐந்து மாடும் கோடையில் வற்றாத கிணறும் உள்ள வீடு எத்தனை? இரண்டு இருக்கலாம். அந்த இரண்டுக்கும் கடனாகக் கொடுங்கள், இனாமாகக் கொடுக்காதீர்கள். வெளியே வரும் கரைசல் மிளகாய்க்கும் தென்னைக்கும் பொன். அதை விற்றே கடன் கட்டுவார்கள்.

ஈஸ்ட்ஹாம் மல்லாவியான்:

நான் லண்டனில் இருக்கிறேன். எங்கள் பகுதியில் வீடு வீடாகப் போய் எரிசக்தி ஆலோசனை சொல்லும் தொண்டர் குழு ஒன்றில் சனிக்கிழமைகளில் நிற்பேன். இங்கே பிரச்சினை குளிர், அங்கே புகையும் வெயிலும். ஆனாலும் அக்கா கொப்பியோடு போனதைப் படித்தபோது, நாங்கள் செய்வதும் இதுதானே என்று தோன்றியது.

இங்கிலாந்தில் முன்பு வருமானத்தில் பத்திலொரு பங்குக்கு மேல் வீட்டைச் சூடாக வைக்கத் தேவைப்பட்டால் அந்தக் குடும்பத்தை எரிபொருள் வறுமையில் இருப்பதாகக் கணக்கெடுத்தார்கள். இப்போது வீட்டின் தரத்தையும் சேர்த்துப் பார்க்கிறார்கள். ஏ முதல் ஜி வரை தரம் இருக்கிறது, டீயும் அதற்குக் கீழேயும் இருந்தால் கணக்கில் வரும். காரணம் எளிது. ஒரே சம்பளம் வாங்கும் இரண்டு குடும்பத்தில் கதவிடுக்கால் சூடு ஓடும் வீட்டில் இருப்பவர்தான் ஏழை. குளிர்காலத்தில் தகுதியுள்ள வீட்டுக்கு மின்பில்லில் 150 பவுண் கழிக்கிறார்கள். அது உதவி, ஆனால் கதவிடுக்கு அப்படியேதான் இருக்கும். அதனால் நாங்கள் முதலில் கதவடியையும் ஜன்னல் விளிம்பையும் அடைப்போம். சில பவுண் செலவு. பிறகுதான் கொதிகலன், கூரை, தகடு எல்லாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளியில் இருந்து காசு அனுப்பும் எங்களுக்குப் படத்தில் பிடிபடக்கூடிய பொருள்தான் பிடிக்கும். தகடு படத்தில் வடிவாக இருக்கும், அடுப்பு கரியாக இருக்கும். விரும்பினால் கனடாப் பிள்ளைகளுக்கு நான் எழுதுகிறேன்.

விசுவமடு பொருளாளர்:

எல்லோருக்கும் நன்றி. மல்லாவித் தம்பி, கனடாவுக்கு நானே எழுதுவேன். காசு வாங்கியவள் கணக்குச் சொல்ல வேண்டும், அதற்கு இன்னொருவர் வாய் தேவையில்லை. கோபிக்காதீர்கள். நீங்கள் சொன்ன கதவிடுக்கு எனக்கு நன்றாகப் பிடித்தது. எங்கள் ஊரின் கதவிடுக்கு எது என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். கொப்பியைத் திரும்பப் பார்த்தபோது ஒன்று தெரிந்தது. நனைந்த விறகு.

காசு கொடுத்து எரிபொருள் வாங்கும் வீடுகளில் பாதிக்கு மேல் கார்த்திகையில் இருந்து தை வரைதான் வாங்குகின்றன. கோடையில் வளவு விறகே போதும். மாரியில் ஈர விறகு எரியாது, புகைக்கும். விறகில் இருக்கும் தண்ணீரை ஆவியாக்கவே நெருப்பின் பலம் போய்விடுகிறது. காய்ந்த விறகின் சூட்டில் பாதிதான் கிடைக்கும். உலர்ந்த விறகு தேடிக் காட்டோரம் போனால் யானைப் பயம் ஒரு பக்கம், கண்ணிவெடி என்று மண்டையோட்டுப் பலகை இன்னும் நிற்கும் இடங்கள் இன்னொரு பக்கம்.

ஆவணி, புரட்டாதியில் சிறுபோகம் வெட்டி முடிந்து ஆண்களுக்குக் கொஞ்சம் ஓய்வு கிடைக்கும். அந்த நேரம் வீட்டுக்கு ஒரு விறகுக் கொட்டில் போட்டால் என்ன? நான்கு கப்பு, நிலத்தில் இருந்து ஒரு முழம் உயரத்தில் தட்டு, மேலே தகரம். தகரத்துக்கு எங்கேயும் போகத் தேவையில்லை. யுத்தம் முடிந்து மீள்குடியேறியபோது தற்காலிகக் கொட்டிலுக்குக் கொடுத்த தகரங்கள் பாதி வளவுகளில் வேலியோரம் சாத்திக் கிடக்கின்றன. ஆணியும் கம்பியும் கூலியும்தான் செலவு. அம்மம்மா வீட்டுக்கு நாங்களே போட்டுக் கொடுக்கலாம்.

இதைச் சொன்னவுடன் தலைவி, "விறகுக் கொட்டிலுக்கா கனடாவில் காசு சேர்த்தார்கள்?" என்று கேட்டார். நான் பதில் சொல்லவில்லை.

கொட்டில் சரி. அடுப்பு எப்படி? அனகி என்ற களிமண் அடுப்பு நல்லது என்கிறார்கள். எங்கள் ஊரில் ஒரு காலத்தில் இலவசமாகக் கொடுத்தார்கள், இப்போது ஒன்றும் பாவனையில் இல்லை. ஏன் என்று தெரிந்தவர் யாராவது இருக்கிறீர்களா? தகரக் கூரை வெக்கைக்கும் வழி சொன்னால் நல்லது. கச்சான் காற்று அடிக்கும் காலத்தில் மத்தியானம் உள்ளே இருக்க முடியவில்லை, மின்விசிறி சுடுகாற்றைத்தான் சுழற்றுகிறது.

முள்ளியவளை அடுப்புக்காரி:

அனகி அடுப்புப் பூட்டப் பழக்குவது என் வேலையாக இருந்தது, ஆகவே என்னால் சொல்ல முடியும். அது 1980களில் இலங்கையிலேயே உருவாக்கிய அடுப்பு. சுட்ட களிமண், ஒரே துண்டு, விறகு வைக்க ஒரு வாய், பானைக்கு இரண்டு வாய். முன் பானையில் சோறு வேகும்போது அதே நெருப்பின் சூடு பின் பானைக்குப் போய்க் கறி கொதிக்கும். மூன்று கல்லோடு ஒப்பிட்டால் விறகில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும். ஆனால் ஒழுங்காகப் பூட்டினால்தான்.

உங்கள் ஊரில் ஏன் கைவிட்டார்கள் என்று நான் பார்க்காமலே சொல்கிறேன். அடுப்பை லொறியில் கொண்டுவந்து இறக்கினார்கள், கையெழுத்து வாங்கினார்கள், போனார்கள். சனம் அதை அப்படியே நிலத்தில் வைத்து எரித்தது. சுற்றிவர மண் பூசாத அனகி வெடிக்கும். சூடு பக்கத்தால் போய்விடும், பின் பானை கொதிக்காது. "இது சரிவராது" என்று கோழிக்குத் தீன் வைக்க எடுத்துவிடுவார்கள்.

புற்றுமண்ணும் சாணமும் கொஞ்சம் உமியும் சேர்த்துக் குழைத்து, அடுப்பைச் சுற்றி நான்கு விரல் மொத்தத்துக்கு அணைக்க வேண்டும். பூசிய பிறகு நன்றாகக் காயவிடாமல் நெருப்பு மூட்டக் கூடாது. இரண்டு பானையும் வாயில் பொருந்தி இருக்க வேண்டும், இடைவெளி இருந்தால் சூடு மேலே ஓடும். ஆகவே அடுப்பு வாங்குவதற்கு முன் பானையைப் பாருங்கள். விறகைப் பெருவிரல் இரண்டு சேர்ந்த மொத்தத்துக்குப் பிளந்து வையுங்கள். முழுக் கட்டையைத் திணித்தால் வாய் அடைபட்டுப் புகைதான் வரும். சாம்பலைத் தினமும் அள்ள வேண்டும். அடுப்பு வாயைக் கச்சான் வரும் பக்கம் பார்த்து வைக்காதீர்கள், நெருப்பு உங்களை நோக்கி வரும்.

மூன்று கல்லை உடைத்துப் போடவும் சொல்லாதீர்கள். நெல் அவிக்கும் அண்டாவும் திருவிழாப் பொங்கல் பானையும் அனகியில் இருக்காது. அதற்கு மூன்று கல்தான். ஒன்றை விட்டு மற்றதற்கு வா என்று கட்டாயப்படுத்திய திட்டங்கள் எல்லாம் படுத்துவிட்டன.

புகையைப் பற்றி ஒன்று. அனகிக்குப் புகைபோக்கி கிடையாது. புகை குறையும், இல்லாமல் போகாது. வீட்டுத்திட்டக்காரரின் பாதிப் புகைபோக்கியைக் கட்டி முடிப்பதற்குக் கொஞ்சம் கல்லும் சீமெந்தும் போதும். கொட்டில்காரருக்கு அடுப்புக்கு மேலே சுவரின் மேல்பாதியைத் திறந்து மட்டை கட்டினால் நல்ல மாற்றம் தெரியும். ஈர விறகைப் பற்றி நீங்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. ஈர விறகுக்கு எந்த அடுப்பும் அடுப்பு இல்லை. விறகுக் கொட்டிலை முதலில் போடுங்கள், அடுப்பைப் பிறகு பூட்டுங்கள்.

மாங்குளம் வயர்மேன்:

வெக்கைக்கு: தகரத்தின் மேல் வெள்ளை அடியுங்கள். சுண்ணாம்பு மழையில் கழுவுப்படும், ஆனால் மலிவு, ஒவ்வொரு சித்திரையிலும் அடிக்கலாம். கூரைப் பூச்சு வெள்ளை என்றால் சில வருடம் நிற்கும். தகரத்துக்கு மேல் கிடுகு போடுவதும் நல்ல குளிர்ச்சிதான், ஆனால் இரண்டு வருடத்தில் உக்கும், தேளும் குடிவரும், அடுப்புப் பக்கம் என்றால் தீப்பொறிப் பயம். அரசாங்கம் 65,000 பொருத்து வீடு தருவதாக வந்தபோது இரும்பு வீடு வன்னி வெயிலுக்கு ஒத்துவராது என்று எத்தனை பேர் கத்தினார்கள். நாங்கள் கத்தியதெல்லாம் தகரத்துக்குக் கீழே இருந்துகொண்டுதான்.

விசுவமடு பொருளாளர்:

நேற்றுக் கூட்டம் முடிந்தது. விறகுக் கொட்டில் எல்லா வீட்டுக்கும், சிரமதானமாக. எல்ஈடி பல்பு, 60 அலகைத் தாண்டும் வீடுகளுக்கு மட்டும், பில்லைக் காட்டினால். அனகி அடுப்பு, கொட்டில் போட்டு விறகு அடுக்கிய வீடுகளுக்கு, சங்கம் பாதி வீட்டுக்காரர் பாதி. மிச்சக் காசு புகைபோக்கிக்கு, சுழற்சிக் கடனாக. சாணக் குழி கேட்டு ஒருவர் வந்தார், அவரிடம் மாடு இரண்டுதான். தொழிற்சாலைத் தங்கச்சியின் பில் 38 அலகு. குக்கருக்குச் சங்கக் கடன் எழுதிவிட்டேன். காஸ்காரிக்கு ஏன் என்று கேட்டவர் இம்முறை கேட்கவில்லை, அவருடைய மகளும் அதே பஸ்ஸில் போகத் தொடங்கியிருக்கிறாள்.

தலைவி திறப்பு விழாவை விடவில்லை. முதல் விறகுக் கொட்டிலுக்கு நாடா வெட்டப் போகிறாராம். வெட்டட்டும், கனடாவுக்குப் படமும் ஆகிவிடும்.

முள்ளியவளை அக்கா, அடுப்புப் பூட்டப் பழக்க எங்கள் ஊருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வர முடியுமா? பஸ் காசு சங்கம் தரும், மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.

முள்ளியவளை அடுப்புக்காரி:

வருகிறேன் பிள்ளை. கொட்டில் போட்டு முடியட்டும், பிறகு நாள் சொல்லுங்கள். நான் வருவதற்கு முதல்நாளே புற்றுமண்ணை இடித்து, கல் பொறுக்கி, தண்ணீர் விட்டு ஊற வைத்துவிடுங்கள். பாம்பு இருக்கும் புற்றை விட்டுவிடுங்கள். ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் சோற்றுப் பானையையும் கறிச் சட்டியையும் கையோடு கொண்டுவர வேண்டும், அது இல்லாமல் அளவு எடுக்க முடியாது.